ஒன்றரை நாள் பேரம்

நிறுத்துங்கள் தம்பி, நிறுத்துங்கள். நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டேன். கோயமுத்தூர் பைக்கை இந்தக் கின்னௌர் மலையில் பார்த்துவிட்டு சும்மா விட்டால் நான் என்ன மனுஷன்? இறங்குங்கள். மேலே ரோடு இன்று காலையில்தான் திறந்தார்கள், அது எங்கேயும் ஓடிவிடாது. ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள். காசெல்லாம் வேண்டாம். சிரிக்காதீர்கள். 'காசு வேண்டாம்' என்று என் வாயால் சொல்ல எனக்கு ஐம்பத்தாறு வயதாகியிருக்கிறது.

ஏறி வாருங்கள். தலையைக் குனியுங்கள், இரும்பு இடிக்கும். ஆமாம், இது ஸ்கூல் வேன்தான், நீங்கள் சொல்வது சரி. மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்து வேனை ஏலத்தில் எடுத்தேன். நாமக்கல்லில் பாடி கட்டுகிற பட்டறையில் நாலு மாதம் போட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மூலையில் ஒரு கக்கூஸ் எல்லாம் வைத்து வீடாக்கினேன். மூன்று கோட்டு வெள்ளை அடித்தும் மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. வெயில் சாய்வாக விழுந்தால் பக்கவாட்டில் 'ஒழுக்கம் உயர்வு தரும்' என்று எழுத்துத் தெரியும். ஊரிலிருந்து இதுவரைக்கும் வழி நெடுக நான் போட்ட சண்டை பூராவும் அந்த எழுத்துக்கு முன்னால் நின்றுதான் போட்டேன்.

பெயர் செங்கோடன். திருச்செங்கோடு. பழைய லாரி வாங்கி விற்கிறேன். ஆக்சிடென்ட் ஆனது, பர்மிட் செத்தது, பைனான்ஸ்காரன் தூக்கியது, எது கிடைத்தாலும். படிப்பு அஞ்சாவதோடு சரி. மீதியை லாரி ஷெட்டில் படித்தேன். அங்கே வாத்தியார்கள் பிரம்பால் அடிப்பதில்லை, ஸ்பேனரால் அடிப்பார்கள். அதனால் பாடம் மறக்காது.

உங்கள் கையுறை நன்றாக இருக்கிறதே, என்ன விலை? ஆயிரத்து எண்ணூறா! தம்பி, உங்களை அறுத்து உப்புத் தடவி அனுப்பியிருக்கிறான். ஐந்நூறுக்கு மேல் ஒரு ரூபாய்... சரி, விடுங்கள். குளிர் தாங்குகிறதல்லவா? அது போதும். இப்படிச் சொல்ல இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன். உள்ளுக்குள் வயிறு எரிகிறது, அது வேறு விஷயம்.

டீயில் சர்க்கரை போதுமா? போடத் தெரியாது எனக்கு. இதுவரை தவமணிதான் போட்டாள். தவமணி என் வீட்டுக்காரி. அதோ, கீழே அந்த வெள்ளைப் பூ மரங்களுக்கு நடுவில் இரண்டு பச்சைத் தொப்பி தெரிகிறதா? இடது பக்கத் தொப்பி இந்த நிலத்துக்காரி, சந்தர்மணி. வலது பக்கத் தொப்பி என் பெண்டாட்டி. இரண்டு மணிகளும் சேர்ந்துதான் எனக்கு மணி அடித்தார்கள்.

அந்த மரமா? சர்க்கரை பாதாமி. ஏப்ரலில் இப்படித்தான் பூக்குமாம். பனி உருகின ஈரம் மண்ணில் இருக்கும்போதே மரத்தடியில் பட்டாணி விதைத்துவிட வேண்டும், பத்து நாள் தப்பினால் போச்சு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நாலு நாளாக விதைத்துக்கொண்டிருக்கிறேன். இடுப்பைப் பார்க்கிறீர்களா, நேராக நிற்கிறதா?

கேளுங்கள். சங்ககிரி லாரிப்பேட்டை டீக்கடையில் வைத்து என் பங்காளி ஒருத்தன், "ஏனப்பா செங்கோடா, காசுமீர் வரைக்கும் ஓடற வண்டி நூறு வித்திருக்கற. உன்ற பொண்டாட்டி மேட்டூர் டேமத் தாண்டியிருக்குதா?" என்று கேட்டான். கடையே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. டம்ளரை ஓங்கி வைத்தேன். "இமயமலைக்கே கூட்டிட்டுப் போறன்டா, பாத்துக்கோ" என்றேன். அந்தக் கோபத்தில் கிளம்பிய டூர் இது. தவமணியைக் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. நல்ல காரியத்தை யாராவது கேட்டுக்கொண்டா செய்வார்கள்?

அவளுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை தம்பி. மூன்று பீரோ நிறையச் சேலை இருக்கிறது. கட்டிக்கொண்டு போகத்தான் இடமில்லை என்பாள், பெண்பிள்ளைகள் அப்படித்தான் ஏதாவது சொல்லும். கல்யாணமான மூன்றாம் நாள் ஈரோட்டுக்கு சினிமா கூட்டிப் போகிறேன் என்று கிளப்பினேன். வழியில் பவானியில் ஒரு கவிழ்ந்த டேங்கர் விலைக்கு வந்தது. அதைப் பேசி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. பட்டுச்சேலையோடு அந்த டேங்கர் நிழலில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், பாவம். ஆனால் அந்தப் பேரத்தில் நல்ல லாபம். அதில்தான் அவளுக்கு முதல் பீரோ வாங்கிக் கொடுத்தேன்.

சரி, டூருக்கு வருவோம். டைரியில் கணக்காக எழுதிவைத்தேன். இந்த ஊர் இத்தனை மணி நேரம், அந்த ஊர் இத்தனை. சிம்லாவுக்கு இரண்டரை மணி நேரம். சீன எல்லையில் இருக்கிற கடைசிக் கிராமம் வரைக்கும் போய், அங்கே போட்டோ எடுத்து, அந்தப் பங்காளிக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப வேண்டும். அதுதான் திட்டம்.

வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள். ராம்பூர் தாண்டி ஒரு வளைவு. அங்கே வண்டியை நிறுத்தினால் பனிமலை தெரியும் என்றார்கள். நிறுத்தினேன். ஒருத்தன் வந்து பார்க்கிங் ஐம்பது ரூபாய் என்றான். மலை உன் அப்பன் வீட்டுதா என்று ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த இந்தி முழுதும் விலை பேசுகிற இந்தி. 'கித்னா' என்றால் எவ்வளவு, 'ஆக்ரி' என்றால் கடைசி விலை, 'கம் கரோ' என்றால் குறை. அதற்கு மேல் ஒரு சொல் தெரியாது, தேவையும் பட்டதில்லை. அரை மணி நேரம் கத்தி முப்பதுக்குக் கொண்டுவந்தேன். ஜெயித்துவிட்டுத் திரும்பினால் மலையை மேகம் மூடியிருந்தது.

"பாத்தியா புள்ள, இருவது ரூவா மிச்சம்" என்றேன்.

"நான் மலையப் பாத்தனுங்க. அப்படியே தங்கமாட்ட ஆச்சு. உங்களக் கூப்பிட்டேன், காதுல உழுகல" என்றாள்.

எனக்குக் காதில் விழவில்லைதான். பேரத்தில் இருக்கும்போது எனக்கு இரண்டாவது ஆள் குரல் விழாது. அது தொழில் பழக்கம்.

பதிமூன்றாம் நாள் இந்த ஊருக்கு வந்தோம். ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை என்று தவமணி 'மேலூர்' என்று வைத்துவிட்டாள். ஓரமாக நிறுத்த இடம் தேடினோம். இந்தச் சந்தர்மணி தன் வீட்டுக் களத்தைக் கை காட்டினாள். புருஷன் ஆட்டுக்கிடையோடு கீழ்ப்பக்கம் போயிருக்கிறான், வர மாதம் ஆகுமாம். தனி ஆள். வண்டியை விட்டதும் தட்டு நிறையக் காய்ந்த பழமும் உப்புப் போட்ட டீயும் கொண்டுவந்தாள்.

நான் என்ன கேட்பேன்? "கித்னா?"

"பைசா நஹி" என்றாள்.

நம் தொழிலில் ஒருத்தன் காசு வேண்டாம் என்றால் பெரிதாகப் பிடுங்கப் போகிறான் என்று அர்த்தம். உஷாராகிவிட்டேன். ஒரு ராத்திரிக்கு முந்நூறு என்றேன். தலையை ஆட்டினாள். ஐந்நூறு. ஆட்டினாள். எழுநூறு என்றேன். அதற்கும் அதே தலையாட்டல். நெஞ்சழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிராளி வாயையே திறக்காமல், முந்நூறில் ஆரம்பித்து ஆயிரத்து இருநூறு வரைக்கும் நானே ஏறினேன் தம்பி! நானே! கடைசியில் அவள் சிரித்துக்கொண்டு என் கையைப் பிடித்து, உள்ளங்கை நிறைய அக்ரூட் கொட்டை கொட்டி, விரலை மடக்கி மூடிவிட்டுப் போய்விட்டாள்.

தவமணி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். வெட்கம். "உங்களோட வந்ததுக்கு நான் அந்த டேங்கர் நெழல்லயே உக்காந்திருக்கலாமுங்க" என்றாள்.

அடுத்த நாள் விடிந்து பார்த்தால் ஆள் வண்டியில் இல்லை. வயலில் நிற்கிறாள். தவமணி குடியானவர் வீட்டுப் பெண், கல்யாணத்துக்கு முன்னால் ஏர் ஒன்றைத் தவிர எல்லாம் செய்தவள். நான்தான் டவுனுக்குக் கொண்டுவந்து கல் வீட்டில் வைத்தேன். இங்கே மண்ணைப் பார்த்ததும் இறங்கிவிட்டாள். சந்தர்மணி முன்னால் கோடு கிழித்துக்கொண்டு போகிறாள், இவள் பின்னால் விதை போட்டு மண் தள்ளிக்கொண்டு போகிறாள். அவள் தன் பாஷையில் பேசுகிறாள், இவள் தமிழில் பேசுகிறாள், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். ஒரு வார்த்தை யாருக்கும் புரியாது. என்னத்துக்குச் சிரிப்பு என்று எனக்கு எரிச்சல். டைரியில் இந்த ஊருக்கு ஒரு ராத்திரிதான். இரண்டு ராத்திரி ஆகிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் இன்ஜினைக் கிளப்பி ஆரன் அடித்தேன்.

வந்தாள். கையெல்லாம் மண். ஏறி உட்கார்ந்தாள். மூன்று கிலோமீட்டர் போயிருப்போம், இரும்புப் பாலம் வந்தது. பாலத்தைத் தாண்டியதும், "நிறுத்துங்க" என்றாள்.

வாந்தி வருகிறதோ என்று நிறுத்தினேன். இறங்கினாள்.

"ஏனுங்க, நீங்க அந்தக் கடைசி ஊரப் பாத்துப்போட்டு வாங்க. நான் நடந்தே திரும்பிப் போறேன். பாதி வயல் கெடக்குது, அந்தப் புள்ள ஒண்டியா என்ன பண்ணும்? ரண்டு நாள். வரும்போது என்னைக் கூட்டிக்கங்க."

நியாயமான பேச்சுத்தான். இப்போது சொல்கிறேன், நியாயமான பேச்சு. அப்போது என் காதில் 'இரண்டு நாள்' என்பதுதான் விழுந்தது. ஒரு எண் காதில் விழுந்தால் அதைக் குறைக்காமல் என்னால் இருக்க முடியாது தம்பி. அது வியாதி.

"ஒரு நாள்" என்றேன்.

"ரண்டு நாளுங்க."

"சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். ஒண்ணரை நாள். நாளைக்கு மத்தியானம் கெளம்பறோம். ஆக்ரி!"

என் பெண்டாட்டியிடம் ஆக்ரி என்கிறேன், பாருங்கள். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்க, இதுக்குமா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பேரத்தில் ஒரு வித்தை உண்டு, உங்களுக்குச் சொல்லித் தருகிறேன், கையுறை வாங்கும்போது உதவும். விலை படியவில்லை என்றால் விருட்டென்று எழுந்து நடந்துவிட வேண்டும். வேகமாக நடக்கக் கூடாது. திரும்பிப் பார்க்கவே கூடாது. காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு பத்தடி நடந்தால், 'அண்ணே, வாங்கண்ணே, நில்லுங்க' என்று குரல் வரும். யார் முதலில் கூப்பிடுகிறானோ அவன் தோற்றான். முப்பத்தைந்து வருஷத்தில் அந்த வித்தை என்னை ஏமாற்றியதில்லை.

கதவைச் சாத்தினேன். வண்டியை நகர்த்தினேன், மெதுவாக. பத்தடி. குரல் வரவில்லை. இருபதடி, முப்பதடி. கண்ணாடியில் பார்த்தேன். சால்வையை இழுத்துச் சொருகிக்கொண்டு தவமணி பாலத்தின் மேல் ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் மெதுவாகத்தான் நடந்தாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு எந்த ஷெட்டிலும் சொல்லித் தரவில்லை.

சரி, தொலைகிறது, திருப்பலாம் என்று பார்த்தால், தம்பி, நீங்களே பார்த்தீர்களே இந்த ரோட்டை! ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அதல பாதாளம், அடியில் சட்லெஜ் ஆறு. என் வண்டி இருபத்துநாலு அடி. குறுக்கே திருப்பினால் மூக்கு பாறையில், பின்பாகம் ஆற்றுக்கு மேல் அந்தரத்தில். பின்னாலேயே எடுக்கலாம் என்றால் ராணுவ லாரிகள் வரிசையாக வந்து முட்டிக்கொண்டு ஆரன் அடிக்கின்றன. போ, போ என்கிறான். எங்கே போக? நான் சும்மா பாசாங்குக்குப் போகிறவன் அப்பா, நிஜமாகப் போகிறவன் இல்லை என்று அவனுக்கு எந்த இந்தியில் சொல்வது?

பதினோரு கிலோமீட்டர்! கோபித்துக்கொண்டு போவதற்குப் பத்தடி போதும் தம்பி. என்னைப் பதினோரு கிலோமீட்டர் துரத்திக்கொண்டு போய்விட்டார்கள். அங்கேதான் பஸ் திருப்புகிற மேடு. திருப்பி, எதிரே வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒதுங்கி ஒதுங்கி, பாலத்துக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பாலத்தைத் தாண்டினால் ரோடு இல்லை.

வெயில் ஏறி மேலே பனி இளகினால் மலை சரியும் என்று சொல்வார்களே, அது. ரோடு இருந்த இடத்தில் கல்லும் மண்ணுமாக ஒரு குன்று. தூசி இன்னும் அடங்கவில்லை. ரோடு போடுகிற கும்பல் ஒன்று கொடி பிடித்து நிற்கிறது, ஒரு ஜேசிபி நிற்கிறது. சரிந்தது எங்கே என்று பாருங்கள். பாலத்துக்கும் ஊருக்கும் நடுவில். அவள் நடந்து போன ரோட்டில்.

எப்போது விழுந்தது? அவள் தாண்டின பிறகா? தாண்டும்போதா? ஒரு பொம்பளை இப்படி நடந்து போனாளா, பார்த்தீர்களா? கேட்க வேண்டியது இவ்வளவுதான். என்னிடம் அதற்கு இந்தி இல்லை தம்பி. வாயைத் திறந்தால் 'கித்னா' என்றுதான் வருகிறது. எவ்வளவு, எவ்வளவு என்று ஒவ்வொருத்தன் சட்டையையும் பிடித்துக் கத்துகிறேன். அவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். ஜேசிபிக்காரன் காலைப் பிடித்தேன். தோண்டு என்று கையால் காட்டினேன். கல் விழுவது நிற்கட்டும் என்று அவன் மேலே கை காட்டினான். ஆயிரம் என்றேன். ஐயாயிரம் என்றேன். பத்து, ஐம்பது. அவன் தலையை ஆட்டுகிறான். என் விரல் மோதிரத்தைக் கழற்றினேன். கடைசியில் வண்டிச் சாவியை அவன் மடியில் போட்டேன். வண்டியை எடுத்துக்கொள், தோண்டு.

அவன் வண்டியைப் பார்த்தான். சாவியை என் சட்டைப் பையில் திரும்பப் போட்டான். தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான்.

அதைக் குடித்தேனா, தலையில் ஊற்றிக்கொண்டேனா, ஞாபகமில்லை. உட்கார்ந்துவிட்டேன். ரோட்டில், மண்ணில், வேட்டியோடு. அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒன்றரை நாள் என்று நான் சொன்னதுதான் அவளிடம் நான் சொன்ன கடைசிப் பேச்சு என்று நினைத்தேன். அரை நாளுக்கு... சூடாக இருக்கும், பார்த்துக் குடியுங்கள்.

தூசி அடங்க ஒரு மணி நேரம் ஆனது. அடங்கியதும் அந்தப் பக்கம் ஆட்கள் தெரிந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள், எல்லாத் தலையிலும் இந்த ஊர்ப் பச்சைத் தொப்பி. நான் அவள் காலையில் கட்டியிருந்த ஆரஞ்சுச் சேலையைத் தேடுகிறேன், காணோம். தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். ஒரு தொப்பி மற்றவர்களை விட்டு விலகி, சரிந்த மண்ணுக்குள்ளேயே காலை வைத்து நிற்கிறது. கையில் மண்வெட்டி. முழங்கை வரை சேறு. கீழே ஆரஞ்சு ஒரு ஜாண் தெரிந்தது.

வயலிலிருந்து அப்படியே வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள் போல, மண்வெட்டியைக்கூடக் கீழே வைக்காமல். பொம்பளைகளுக்கு வேடிக்கை என்றால் போதும். நான் இந்தப் பக்கம் செத்துப் பிழைக்கிறேன், அவள் முகமும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துத்தான் இருந்தது, குளிராக இருக்கும். என்னைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். மண்வெட்டியை ஊன்றி அதன் மேல் சாய்ந்துகொண்டாள். கூப்பிடவில்லை.

நானும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நடுவில் நூற்றைம்பது அடி மண். இரண்டு பக்கமும் ஜனம். யார் முதலில் கூப்பிடுகிறானோ அவன் தோற்றான். அந்த நேரத்திலும் எனக்கு அது ஞாபகம் வந்தது பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"தவமணீ!"

கத்திவிட்டேன். இருபத்தெட்டு வருஷத்தில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா', 'ஏ புள்ள', இதுதான். கல்யாணப் பத்திரிகையில் படித்ததோடு சரி. பெயர் எங்கே போய் மோதியதோ, மலையே இரண்டு தடவை திருப்பிச் சொன்னது. அவளுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தொப்பியைச் சரி செய்துகொண்டாள். அப்புறம் வலது கையைத் தூக்கி, விரலைக் காட்டினாள்.

நாலு விரல்.

காலையில் இரண்டுதான் கேட்டாள் தம்பி! சரக்கு அதே சரக்கு, மூன்று மணி நேரத்தில் விலை இரட்டிப்பு! இப்படி ஒரு வியாபாரியை வீட்டில் வைத்துக்கொண்டு நான் வெளியே ஆள் தேடியிருக்கிறேன்.

"சரி!" என்றேன். "சரி, சரி, சரி!" என்றேன். மூன்று தடவை. என் ஆயுளில் எதிராளி சொன்ன முதல் விலைக்கு ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். மூன்றுக்குப் படிந்திருக்கும், இப்போது யோசித்தால் தெரிகிறது. ஆனால் அப்போது நாற்பது என்று காட்டியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் கல் விழுவது நின்றதும் கையைப் பிடித்து ஆட்களை மட்டும் தாண்டவிட்டார்கள். வண்டி அந்தப் பக்கமே நின்றது. நான் வந்து சேர்ந்தவுடன் அவள் மண்வெட்டியை என் கையில் கொடுத்தாள்.

அதிலிருந்து வயல்தான். சந்தர்மணிக்கு என் வேலையைப் பார்த்துச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் கிழித்த கோடு பாம்பு போன தடமாட்டம் இருக்கும். அவள் விதை வாங்கும் கடையில் நான் வந்து விலை பேசித் தருகிறேன் என்றேன், இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கடைத்தெருப் பக்கம் வரவே கூடாது என்றுவிட்டார்கள். ஒரு நாள் அந்த ஜேசிபிக்காரன் டீ குடிக்க இங்கே வந்தான். சந்தர்மணியிடம் என்னவோ கதை சொன்னான். அவள் கையாலும் காலாலும் தவமணிக்கு அதை நடித்துக் காட்டினாள்.

தவமணி என்னிடம் வந்தாள். "மண்ணத் தோண்டறதுக்கு வண்டியத் தர்றேன்னீங்களாமா?"

"ஆமா."

"அவன் வேண்டாம்னுட்டானாமா?"

"ஆமா புள்ள. வண்டிய ஒரு தரம் பாத்தான், வேண்டாம்னுட்டான்."

சிரித்தாள் பாருங்கள். வரப்பில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். மூன்று பீரோ வாங்கிக் கொடுத்தபோதுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஓசியில் கொடுத்தும் விலை போகாத வண்டியில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்றோடு நாலு நாள் முடிகிறது தம்பி. விடியற்காலையில் ரோடு திறந்ததும் ஓடிப்போய் வண்டியை எடுத்து வந்துவிட்டேன். கடைசி ஊர் போனால் போகட்டும், பங்காளி போட்டோ இல்லாமலே சாகட்டும். வண்டியை நம் ஊர்ப் பக்கம் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருக்கிறேன், பார்த்தீர்கள் அல்லவா? தண்ணீர் ரொப்பியாயிற்று. படுக்கையைக்கூட நானே மடித்துவிட்டேன். அவள் ஏற வேண்டியதுதான் பாக்கி. ஏறுவாளா, மாட்டாளா? உங்களை நிறுத்தியதே அதனால்தான், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்நிய மனுஷர் ஒருத்தர் கூட இருந்தால் கொஞ்சம் தைரியம். காலையில் ஒரு தரம் கேட்டேன், "என்ன புள்ள, கெளம்பலாமா?" என்று. "பாக்கலாமுங்க" என்றாள். அந்தச் சொல்லுக்கு என்ன விலை என்று முப்பத்தைந்து வருஷ அனுபவத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

அதோ வருகிறாள். எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள்.

"வா, வா. இவரு கோயமுத்தூருத் தம்பி. சும்மா பேசிட்டிருந்தோம்... ஆமா, டீ நான்தான் போட்டேன்... நல்லாருக்குதுன்னாரு. இல்லீங்களா தம்பி?... சரி, எல்லாம் எடுத்து வெச்சாச்சு, அப்ப நாம... என்னத்தத் தேடற? கட்டிலுக்கு அடியிலதான் இருக்குது... அது என்னத்துக்கு இப்ப?"

பார்த்தீர்களா தம்பி? குக்கரை எடுத்துக்கொண்டாள். துவரம்பருப்பு டப்பா, மிளகாய்த்தூள், அரிசிப்பை, எல்லாவற்றையும் மடியில் கட்டிக்கொண்டு போகிறாள். சந்தர்மணிக்கு நம் சாம்பார் வைத்துக் கொடுக்கிறாளாம். அதோ, மேட்டில் ஏறிவிட்டாள். எத்தனை நாளைக்கு என்று சொன்னாளா? சொல்லவில்லை. நான் கேட்டேனா? கேட்கவில்லை, நீங்களே சாட்சி. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடித்துக்கொண்டேன்.

இது என்ன, கட்டில் மேல்? குக்கர் வெயிட்டு. இதை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்த உயரத்தில் வெயிட்டுப் போடாமல் ராத்திரி வரைக்கும் பருப்பு வேகாது, அவளுக்குத் தெரியாததா? மறந்தாளா, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போகிறாளா? பாருங்கள், திரும்பியே பார்க்காமல் நடக்கிறாள். மெதுவாகத்தான் நடக்கிறாள்.

இருங்கள் தம்பி, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இதைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

தவமணீ... ஏ தவமணி! நில்லு புள்ள!